குறிப்பேட்டில் ஏறாதது

ஜம்பட்டா வீதி, டயர்க் கடைக்கு மேல்மாடி,
ரோவர்ஸ் கழகத்தின் அவசரச் செயற்குழுக் கூட்டம்.
வந்தோர் பதினொருவர்.
"ஓர் அணிக்குச் சரியான கணக்கு" என்றார் பயிற்றுநர் ஓண்டாச்சி.
எவரும் சிரிக்கவில்லை.
நான் செயலாளர். பேனா என் கையில்.

போன பருவம் பத்தொன்பது ஆட்டம், தோல்வியே இல்லை.
கிண்ணத்தோடு லொறியில்
கொட்டாஞ்சேனை முழுக்கச் சுற்றிய இரவில்
கொத்துரொட்டிக்காரன் தட்டுகிற தாளத்தை
எங்கள் பெயருக்கு மாற்றிவிட்டான்.
இந்தப் பருவம் ஏழு ஆட்டம், ஆறு தோல்வி.
மற்றது மழையில் நின்றுபோனது.

காரணங்கள் வந்தன. எழுதினேன்.
பச்சைச் சட்டையை மாற்றியது பிழை என்றார் ஹாமித் நானா.
பெயின்ற் கொம்பனி தந்த செம்மஞ்சளில்
பையன்கள் றோட்டுப் போட வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்களாம்.
கண்ணூறு என்றார் பொருளாளர்:
கோல் கம்பத்தில் தேசிக்காய் கட்டிய செலவு
நூற்றியிருபது ரூபா, ரசீது இல்லை.
கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்ந்த மெழுகுதிரியை
வென்ற சந்தோசத்தில் மறந்தோம் என்று
மூலையிலிருந்து ஒரு குரல், மெல்ல.
கோலி இஃப்தி கலியாணம் முடித்தது.
துவான் இக்ராம் கட்டாருக்குப் போனது.
பயிற்சித் திடலின் பாதியில்
யாரோ கம்பியும் கல்லும் குவித்திருப்பது.
ஓண்டாச்சி கடைசியாகச் சொன்னார்:
"ஓடுறாங்க சேர். முன்னையவிடக் கூட ஓடுறாங்க.
அதுதான் எனக்கு விளங்குதில்ல."

எனக்கு விளங்கும்.
தண்ணீர்ப் போத்தல் பெட்டிமேல் உட்கார்ந்து
ஏழு ஆட்டமும் பார்த்தவன் நான்.
இடது ஓரத்தில் சுரேனிடம் பந்து வரும்.
போன வருடம் அவன் தலை நிமிர்த்த மாட்டான்,
மில்ராஜ் எங்கே நிற்கிறான் என்று
அவன் கணுக்காலுக்குத் தெரியும்.
இப்போது நிமிர்த்துகிறான்.
பார்க்கிறான்.
அரை விநாடி.
பிறகு கொடுக்கிறான், நேர்மையாகத்தான் கொடுக்கிறான்.
அதற்குள் எதிரணிப் பின்களத்தான்
வந்து நின்று சப்பாத்துக் கயிறும் கட்டிவிடலாம்.
மில்ராஜோ போன வருடத்து நேரத்துக்கே ஓடுகிறான்.
ஓப்சைட் கொடி உயர்கிறது.

ஒருவரையொருவர் ஏசவில்லை அவர்கள்.
பிளேன்டீ ஒன்றாகத்தான் குடிக்கிறார்கள்.
சண்டை என்றால்
ஓண்டாச்சி விசில் ஊதித் தீர்த்திருப்பார்.

கிண்ணம் வென்ற கிழமை
பெயின்ற் கொம்பனி முகாமையாளர் தொலைபேசியில் கேட்டார்:
"ஒரு பேர் குடுங்க. ஆகத் திறமான ஒருத்தன்."
பதினாறு கோல் அடித்தவன் பெயரைச் சொல்ல
எனக்கு அரை விநாடிகூட ஆகவில்லை.
அவனுக்கு பைக். சிவப்பு. சாவியில் ரிப்பன்.
மற்றவர்களுக்குக் கைக்கடிகாரம், எல்லாம் ஒரே மாதிரி.
சுரேனுடையது மூன்றாம் நாள் நின்றது.
அந்தப் பதினாறில் பதினொன்று
சுரேன் வைத்துக்கொடுத்தவை.
அதையும் நான்தான் எழுதியிருந்தேன்,
இதே குறிப்பேட்டில், வேறொரு பக்கத்தில்.

மில்ராஜ் இப்போது
விவேகானந்தா மேட்டில் ஒரு மதிலோரம் பைக்கை விட்டுவிட்டு
பயிற்சிக்கு நடந்து வருகிறான்.
ஹெல்மெட்டை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல்
கையிலேயே கொண்டு வருகிறான்.

ஒன்பது நாற்பது. மின்விசிறியை நிறுத்தினார்கள்.
"காரணம் என்னண்டு போட்டீங்க?"
பொருளாளர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
வாசித்தேன்:
வீரர்களிடையே புரிந்துணர்வு போதாமை.
பயிற்சி நேரத்தை அரை மணி கூட்டுவதென
ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.
முன்மொழிந்தவர்: செயலாளர்.